மூன்றாவது பட்டன்

அமெரிக்கா
20 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ரூக்ஸார்,

என் எண்ணை நீ தடுத்துவைத்திருக்கிறாய். தபால்காரரைத் தடுக்க முடியாது என்பதால் காகிதத்துக்கு வந்திருக்கிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

இங்கே வந்து ஐந்து வாரம் ஆகிறது. பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து, நூற்று நாற்பது வருடத்துக்கு முந்தைய நகைச்சுவைப் பத்திரிகைகளைப் புரட்டுவதுதான் என் வேலை. வாராவாரம் வந்தவை. நடுப்பக்கம் முழுக்க ஒரே வண்ணப்படம், கல்லில் வரைந்து அச்சடித்தது. அந்தக் காலத்து அரசியல்வாதிகளை வறுத்து எடுத்திருக்கிறார்கள். ஒருவருக்குக் கழுத்துக்கு மேல் தலையே இல்லை, பணமூட்டைதான் இருக்கிறது. கட்டுரை எழுதினால் கண்டுகொள்ளாத தலைவர்கள் படம் போட்டால் நடுங்குவார்களாம். எழுத்துத் தெரியாதவனுக்கும் படம் புரிந்துவிடும் அல்லவா? முதல் நாள் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் முறைத்தார். நீ இருந்திருந்தால் அந்த மூக்கை எப்படி ஒரே இழுப்பில் போட்டிருக்கிறான் என்று எனக்குக் காட்டியிருப்பாய்.

விஷயத்துக்கு வருகிறேன். நவம்பரில் இங்கே ஒரு கண்காட்சி. அந்தப் பழைய படங்களோடு இன்றைய கேலிச்சித்திரங்களையும் மாட்டப்போகிறார்கள். இணையத்தில் நாம் நடத்தும் 'சிற்றெறும்பு' பக்கத்தில் வந்த பத்துப் படங்களும் உண்டு. சுவரொட்டிக்கு எடுத்திருப்பது நம் வட்டச் செயலாளர் கண்ணாயிரம் படம். அவர் மலை மாதிரி உட்கார்ந்திருக்க, ஜனங்கள் செருப்பில்லாமல் அவர் தொப்பையைச் சுற்றி கிரிவலம் போவார்களே, அது. "எட்டு கிலோமீட்டர் நடந்தாச்சு, இன்னும் மூணாவது பட்டன்தான் வந்திருக்கு" என்பதை ஆங்கிலத்தில் சொன்னதும் நூலகத் தலைவியம்மாள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். தாளில் வரைந்த அசல்கள் உன்னிடம் இருக்கின்றன. அனுப்பிவைப்பாயா?

நான் வந்த பிறகு பக்கத்தில் நாலு புதுப் படம் போட்டிருக்கிறாய். கோடு வழக்கம்போல நன்றாக இருந்தது. வாசகம் உப்புச்சப்பில்லாமல் இருந்தது. கீழே நன்றி என்று போட்டிருக்கிறாயே, யார் அந்தக் கீதாஞ்சலி? சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டீக்கடையில் உட்கார்ந்து, இரண்டு பேரும் சிரிக்கும்வரை பென்சிலைத் தொடக்கூடாது என்று நமக்கு ஒரு சட்டம் இருந்தது. அவளோடும் அந்தச் சட்டம் உண்டா? சும்மாதான் கேட்கிறேன்.

தென்றல்


திருவண்ணாமலை
10 செப்டம்பர் 2025

தென்றலுக்கு,

கிழிக்கவில்லை. கடிதம் மாமுவின் பேனர் கடைக்கு வந்தது. எல்லார் முன்னாலும் கிழித்தால் என்ன ஏது என்று கேட்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி. கண்ணாயிரத்தின் பிறந்தநாளுக்கு அடி அண்ணாமலையில் பேனர் வைக்க அளவெடுக்கப் போயிருந்தேன். உன் அம்மா வழியில் சுக்குக்காபி விற்றுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முந்தானையிலிருந்து ஒரு பேப்பர் துண்டை எடுத்துக் காட்டினார்கள். அமெரிக்கா போன அருணை மாணவி என்று உன் போட்டோ. கீழே நான் வரைந்த ஒரு படம்.

"எம் பொண்ணு வரைஞ்சதும்மா. அமெரிக்காவுல செவுத்துல மாட்டப் போறாங்களாம். நீயும் அவகூடவேதான் சுத்துவ, உனக்கு இதெல்லாம் வராதா?" என்று கேட்டார்கள்.

நான் சிரித்துக்கொண்டே காபியைக் குடித்தேன். நாக்கு வெந்துபோனது. மணியம்மா ஆன்ட்டி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நீ சொன்னதைத்தானே அவர்கள் சொல்கிறார்கள்?

நூலகத்தின் இணையப் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். "தென்றல், கேலிச்சித்திரக்காரர்" என்று போட்டிருக்கிறது. உனக்கு நேராக ஒரு கோடு போடவே ஸ்கேல் வேண்டும். நாம் சண்டை போட்ட அன்று, உன்னைத் திருடி என்று நான் சொன்னதும், நீ என்ன சொன்னாய்? "நீதானே பேரு வேணாம்னு சொன்ன" என்றாய். ஆமாம், சொன்னேன். மாமு கடையில் பாதி வேலை கண்ணாயிரத்தின் வேலை. வட்டச் செயலாளருக்குப் பிறந்தநாள் பேனர், அவர் பையன் கல்யாணத்துக்குப் பேனர், தீபத்துக்கு வரும் பக்தர்களை அவர் கும்பிட்டு வரவேற்கும் பேனர். பகலில் கம்ப்யூட்டரில் அவர் தொப்பையைக் கம்மி பண்ணுவதும் நான்தான், சாயங்காலம் தாளில் அதை ஜாஸ்தி பண்ணுவதும் நான்தான். அவர் கண்ணில் படக்கூடாது என்றுதான் பெயர் வேண்டாம் என்றேன். அமெரிக்காவிலும் வேண்டாம் என்று எப்போது சொன்னேன்?

நான் இங்கே அந்த ஆளின் தொப்பையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். நீ என் கோட்டை வைத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டாய். பனி பெய்தால் போட்டோ எடுத்துப் போடுவாய், அதையும் நான் பார்க்க வேண்டும். எரிகிறது தென்றல். மறைக்க என்ன இருக்கிறது?

கீதாஞ்சலி ரமணாசிரமம் பக்கம் வாடகைக்கு வந்திருக்கிறாள். பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை. நான் வரைந்து காட்டினால் உடனே சிரிப்பாள். உன்னைப்போல, "இது எதுக்கு, அது எதுக்கு" என்று பிய்த்து எடுக்கமாட்டாள். சனிக்கிழமை அதே டீக்கடையில்தான் உட்காருகிறோம்.

அசல் வராது.

ரூக்ஸார்


அமெரிக்கா
30 செப்டம்பர் 2025

ரூக்ஸார்,

உடனே சிரிப்பவளை வைத்துக்கொண்டு நீ என்ன செய்யப்போகிறாய்? நீ புதிதாகப் போட்ட அந்தத் தண்ணீர்க்குழாய்ப் படம் பார்த்தேன். நான் இருந்திருந்தால் அதை மூன்று தடவை திருப்பி அனுப்பியிருப்பேன். நாலாவது தடவை ஊரே பேசும் மாதிரி வந்திருக்கும். அதே டீக்கடை என்று வேண்டுமென்றேதானே எழுதினாய்? நன்றாகவே வலித்தது. இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை.

இந்தப் பழைய பத்திரிகைகளில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்திருக்கிறது. படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மூலையைப் பார்க்கிறேன். வரைந்தவரின் கையெழுத்து இருக்கிறது. யோசனை யாருக்கு வந்தது, கீழே இருக்கும் வரியை யார் சொன்னார்கள் என்று எங்கேயும் இல்லை. மரக்கட்டையில் செதுக்கிய காலத்தில் அவசரமென்றால் ஒரே படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து நாலைந்து பேருக்குச் செதுக்கக் கொடுப்பார்களாம். அவர்கள் பெயரும் பெரும்பாலும் இல்லை. பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. கல்லூரியில் முதல் வருடத்திலிருந்து இதேதான். நீ கோடு போட்டால் ஊர் கூடி நிற்கும், "என்ன கை இது!" என்பார்கள். நான் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்ததை யார் பார்த்தார்கள்? ஒரே ஒரு தடவையாவது என் பெயர் மட்டும் இருக்கட்டுமே என்று நினைத்தேன். தப்புதான். ஆனால் ஏன் நினைத்தேன் என்று உனக்குத் தெரியும்.

இனி நீ கோபப்படும் முறை முடிந்தது, என் முறை.

போன திங்கட்கிழமை கண்காட்சிக்கான கோப்புகளை அடுக்கச் சொன்னார்கள். என்னை இங்கே கொண்டுவந்த உதவித்தொகைக்கான விண்ணப்பங்கள் இருந்த இடத்தில் உன் பெயர் இருந்தது. நம் ஊரில் வேறு யாரோ ரூக்ஸார் என்று நினைத்துத் திறந்தேன். அதே பத்துப் படம். அதே வரிசை. "யோசனையும் கோடும் முழுக்க என்னுடையவை" என்று கீழே எழுதியிருக்கிறாய். தேதியைப் பார்த்தேன். நான் அனுப்பிய நாளுக்கு இரண்டு நாள் முன்னால்.

இரண்டு பரிந்துரைக் கடிதம் வேண்டும், உனக்கு ஒன்றுதான் வந்திருக்கிறது. அதனால் யாரும் அதைத் திறந்தே பார்க்கவில்லை. வந்த அந்த ஒன்றும் நம் கல்லூரி அன்பரசன் சார் எழுதியது. எனக்கும் அவர்தான் எழுதினார். "ரூக்ஸார்கிட்ட சொல்லிடாதீங்க சார்" என்று நான் அவரிடம் கெஞ்சினேன். நீயும் போய் அதையேதான் கெஞ்சியிருப்பாய். பாவம் மனிதர், இரண்டு பேருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு வாயே திறக்கவில்லை.

அந்த இரண்டாவது கடிதம் வந்திருந்தால் இன்றைக்கு நீ இங்கே இருப்பாய், நான் ஊரில் எரிந்துகொண்டிருப்பேன். என்னை மட்டும் திருடி என்று எப்படிச் சொன்னாய்?

தென்றல்


திருவண்ணாமலை
18 அக்டோபர் 2025

தென்றல்,

ஆமாம். அனுப்பினேன். அந்த வரியை எழுதும்போது கை நின்றது. அப்புறம் எழுதிவிட்டது.

இரண்டாவது கடிதம் மாமு தர வேண்டியது. நான் வேலை செய்யும் இடத்திலிருந்து ஒன்று கேட்டிருந்தார்கள். கடை லெட்டர்பேடில் எழுதி, ஸ்கேன் செய்து, அனுப்பு என்பதை மட்டும் அழுத்தச் சொல்லிவிட்டு வந்தேன். உன் கடிதம் வந்த பிறகுதான் அவரிடம் கேட்டேன். மாமுவுக்குப் பொய் சொல்ல வராது. "நீ போயிட்டா கடையில யாரும்மா இருக்கறது?" என்றார். அதோடு பேனருக்கு ஆணி எண்ணப் போய்விட்டார். அவரைத் திட்டக்கூட என்னால் முடியவில்லை. நான் செய்ததும் அதே ரகம்தானே?

ஆனாலும் சமமாகிவிட்டோம் என்று நினைக்காதே. நான் சொன்ன பொய் மூடிய கோப்பில் கிடக்கிறது. நீ சொன்ன பொய்க்குச் சம்பளமும் அறையும் கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

அவ்வளவு நம்பிக்கை இருந்தால் திறப்பு விழாவில் எல்லார் முன்னாலும் கண்ணாயிரத்தை வரைந்து காட்டு. அந்த ஆளின் மூக்குக்கும் மீசைக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். ஆறு வருடமாக அந்த இடத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருக்கிறேன்.

கீதாஞ்சலி இனிமேல் சனிக்கிழமை வரமாட்டாளாம். நான் அவளிடம் உன்னைப் பற்றியே பேசுகிறேனாம். நல்லதாக ஒன்றும் பேசவில்லை, பயப்படாதே.

ரூக்ஸார்


அமெரிக்கா
10 நவம்பர் 2025

அன்புள்ள ரூக்ஸார்,

உன் வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது.

சனிக்கிழமை திறப்பு விழா. உன் கடிதம் என் பையில் இருந்தது. நாற்பது பேர் இருப்பார்கள். தலைவியம்மாள் பேசி முடித்ததும் ஒரு வெள்ளைப் பலகையை உருட்டிக்கொண்டு வந்து, என் கையில் பேனாவைக் கொடுத்து, "அந்த மனிதரை இவர்களுக்காக வரையுங்கள்" என்றார். எனக்கு முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. விளையாட்டாகக் கேட்டார். பலகை முன்னால் நின்றேன். காய்ச்சல், கைவலி என்று என்னவெல்லாமோ மனதில் வந்தது. கைவலி என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள்.

பேனாவை மூடினேன். "எனக்கு வரையத் தெரியாது. வரைந்தது என் தோழி ரூக்ஸார். நான் யோசனை சொல்பவள்" என்று சொல்லிவிட்டேன். உன் பார்வையில் நல்லவளாகிவிடலாம் என்று சொல்லவில்லை. அந்தப் பலகையைப் பார்த்தபோது அது உன் இடம் என்று பளிச்சென்று தெரிந்தது, அதில் நிற்கக் கூச்சமாக இருந்தது.

யாரும் கத்தவில்லை. தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இந்த உதவித்தொகை வரைபவர்களுக்கு என்பதால் டிசம்பரோடு என் பங்கு முடிகிறது. ஜனவரியில் ஊருக்கு வருகிறேன். அதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் அது இல்லை விஷயம். நான் ஏன் பொய் சொன்னேன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை ரூக்ஸார். "அப்படியானால் இந்தக் கோடு அந்தப் பெண்ணுடையதா, என்ன கை!" என்றுதான் ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். பொய் பிடிபட்டதைவிட அதுதான் வலித்தது. எட்டாயிரம் மைல் தாண்டி வந்தும் அதே வார்த்தை.

மார்ச்சில் ஆறு வாரம் உன்னை அழைக்கப்போகிறார்கள். மின்னஞ்சல் வந்திருக்கும். நான் சுமந்து வந்த நாற்காலியில் நீ உட்காரப் போகிறாய் என்று எனக்கு எரிகிறது. இதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும்.

படங்களின் கீழ் இப்போது "வரைந்தவர் ரூக்ஸார், யோசனை தென்றல்" என்று ஒட்டியிருக்கிறார்கள். நூலகத்தின் பக்கத்திலும் மாற்றிவிட்டார்கள். உன் பெயர் வெளியே வந்துவிட்டது, கடையில் பார்த்துக்கொள். கண்காட்சிப் புத்தகத்தில் அச்சாவதற்கு முன் என் பெயர் இருக்கலாமா என்று உன்னிடம் எழுதிக் கேட்பார்களாம். ஒரு தடவை பொய் சொன்னவளின் வார்த்தையை மட்டும் வைத்து அச்சடிக்க முடியாது, நியாயம்தான். அந்த யோசனைகள் எனக்கு வந்தவை என்பதற்கு உலகத்திலேயே சாட்சி நீ ஒருத்தி.

உன் விண்ணப்பத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. நீ என்ன பதில் எழுதுவாய் என்று எனக்குத் தெரியவில்லை.

தென்றல்


திருவண்ணாமலை
9 டிசம்பர் 2025

அன்புள்ள தென்றல்,

நூலகத்தின் மின்னஞ்சல் வந்து மூன்று வாரம் பதில் எழுதாமல் இருந்தேன். தீபத்துக்கு வேலை ஜாஸ்தி என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், "தென்றலும் ஓரளவு உதவினார்" என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். எவ்வளவு அழகான வரி பார். பொய்யும் இல்லை, உன் பெயர் பெரிதாகவும் தெரியாது.

தீபம் முடிந்த மறுநாள் கண்ணாயிரம் கடைக்கு வந்தார். கூடவே அவர் ஆள் மண்ணாங்கட்டி என்பவன், கையில் போனோடு. அதில் நூலகத்தின் பக்கம். மாமுவுக்கு முகம் செத்துவிட்டது.

"இன்னாம்மா ரூக்ஸார், இது நீ போட்டதா?"

"ஆமாங்க."

"வயித்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. இருக்கறதைத்தான போட்டிருக்க. கீழ எழுதியிருக்கு பாரு, மூணாவது பட்டன்னு. கட்சி ஆபீஸ்ல எவனைப் பார்த்தாலும் என் சட்டையைப் பார்த்து பட்டன் எண்ணுறான். மீட்டிங்ல உக்கார முடியல என்னால. இதுல இன்னொரு பேரும் இருக்கே, தென்றல்னு. அடி அண்ணாமலை வேடியப்பன் பொண்ணுதான அது? அவ சொல்லிக் குடுத்துதான நீ போட்ட?"

தப்பிக்க அவரே எனக்கு வழி விட்டார், தென்றல். நீ அமெரிக்காவில் இருக்கிறாய். ஆமாம் என்று சொன்னால் இரண்டு திட்டு திட்டிவிட்டு, பொங்கல் பேனருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று மாமு தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினார், ஆமான்னு சொல்லு, ஆமான்னு சொல்லு என்று.

"இல்லங்க. யோசிச்சதும் நான்தான். எல்லாமே நான்தான்" என்றேன்.

அப்புறம் கால்மணி நேரம் திட்டினார். நான் திருப்பி எழுத முடியாத வார்த்தைகள். ரோட்டில் ஆட்கள் நின்று கேட்டார்கள். கடைசியில், இனிமேல் இந்தக் கடையில் ஒரு பேனரும் அடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் மாமு என் முகத்தைப் பார்க்காமல், "கொஞ்ச நாளைக்கு வீட்ல இரும்மா" என்றார்.

விஷயம் ஊரெல்லாம் பரவிவிட்டது. சிநேகிதியைக் காட்டிக் கொடுக்காத பெண் என்று பேசிக்கொள்கிறார்கள். வீட்டில் என் அம்மி எனக்குத் திருஷ்டி சுற்றிப்போட்டாள். கீதாஞ்சலி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். நேற்று உன் அம்மா அடி அண்ணாமலையிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து, வாசலிலேயே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "எம் பொண்ணைக் காட்டிக் குடுக்கலியே தாயி. உனக்கு வராதான்னு கேட்டுட்டேனே அன்னிக்கி" என்றார்கள். அவர்கள் போன பிறகு எனக்கு என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஏனென்றால் நான் உன்னைக் காப்பாற்றவே இல்லை. அந்த ஆள் உன் பெயரைச் சொல்லி, அவள் யோசனைதானே என்று கேட்டதும் என் உடம்பு முழுக்க எரிந்தது. ஊரில் முதல் தடவையாக ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, கோட்டை விட்டுவிட்டு யோசனையைக் கேட்கிறார். அதுவும் அந்தக் கண்ணாயிரம்! அவ்வளவு தூரம் குத்தியது உன் வரிதான், நான் வரைந்த தொப்பை இல்லை. அதை உனக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வேலை போகும் என்று தெரிந்தேதான் அந்தப் பெயரையும் நானே வாங்கிக்கொண்டேன். இதை உன் அம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீ வந்து சொல்லிக்கொள்.

நேற்றே நூலகத்துக்கு எழுதிவிட்டேன். பத்து யோசனையும் தென்றலுடையது, மூன்றாவது பட்டன் முழுக்க அவளுடையது, நான் அந்த வரியைக் கேட்டுவிட்டு டீயைத் துப்பியவள் மட்டும்தான் என்று எழுதினேன். என் விண்ணப்பத்தில் நான் எழுதிய பொய்யையும் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகும் கூப்பிட்டால் மார்ச்சில் போவேன். வேண்டாம் என்றெல்லாம் பெருந்தன்மையாகச் சொல்லமாட்டேன், படம் வரைந்த அந்தப் பழைய அச்சுக்கற்களை எனக்குப் பார்க்க வேண்டும்.

நீ நாற்பது பேர் முன்னால் நின்று சொல்லிவிட்டாய். நான் தனியாக உட்கார்ந்து தட்டி அனுப்பினேன். அதிலும் உனக்குத்தான் முதல் இடம். அது இன்னும் உறுத்துகிறது.

ஜனவரியில் வந்ததும் நேரே கண்ணாயிரத்திடம் போ. அந்த வரி என்னுடையது என்று சொல். நான் மறுக்கமாட்டேன். என்னைத் திட்டிய திட்டில் பாதிக்கு மேல் உனக்குச் சேர வேண்டியது தென்றல். அதையும் நானே வைத்துக்கொண்டுவிட்டேன்.

ரூக்ஸார்